பால்வாடி, எல்.கே.ஜி, மாண்டிசோரி... இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? குழந்தைகளுக்காகப் போராடியவர்களின் கதை

குழந்தைக்கு மூன்று வயது நெருங்கினாலே வீட்டில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். "பாப்பாவை எங்க சேர்க்கப் போறீங்க?"

ஒரு தெருவில் எல்.கே.ஜி சேர்க்கை போர்டு. அடுத்த தெருவில் 'மாண்டிசோரி முறையில் கல்வி' என்ற போர்டு. தெருமுனையில் அங்கன்வாடி. அது ஊர்க்காரர்களுக்கு இன்னமும் பால்வாடிதான்.

ஒரு இடத்தில் கட்டணம் ஆயிரக்கணக்கில். இன்னொரு இடத்தில் இலவசம். எங்கே சேர்த்தாலும், ஒரு மாதத்தில் அடுத்த கேள்வி வந்துவிடும்: "எழுதுதா? ஏ, பி, சி, டி சொல்லுதா?"

இந்தப் பள்ளிகளுக்கெல்லாம் அடித்தளம் போட்டவர்கள் அந்தக் கேள்வியை முதலில் கேட்கவில்லை. "சின்னக் குழந்தை எப்படிக் கத்துக்குது?" என்றுதான் கேட்டார்கள். அதற்காகச் சிலர் நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. ஒருவருடைய பள்ளிகளை அரசாங்கமே தடை செய்தது. யார் அவர்கள்? என்ன சொன்னார்கள்?

பால்வாடியில் 'பால்' எது?

பால்வாடி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது குழந்தைகள் குடிக்கும் பால். ஆனால் இந்தப் பெயரில் உள்ள 'பால்' அது இல்லை. வடமொழி 'பாலன்', 'பாலகன்' என்ற சொற்களில் வரும் 'பால', அதாவது குழந்தை. 'வாடி' என்றால் மராத்தியிலும் குஜராத்தியிலும் தோட்டம். பால்வாடி என்றால் குழந்தைகள் தோட்டம்.

சரி, எல்.கே.ஜி-யில் உள்ள 'கே.ஜி' என்ன? கிண்டர்கார்டன். அது ஜெர்மன் சொல். அதன் பொருளும் குழந்தைகள் தோட்டம்தான்!

ஆக, கட்டணம் வாங்கும் கே.ஜி-யும், இலவசமாக நடக்கும் பால்வாடியும் பெயரளவில் ஒன்றேதான். பெயர் மட்டுமல்ல, இரண்டுக்கும் வேரும் ஒன்றுதான்.

தோட்டத்துக்கு முன்பு என்ன இருந்தது?

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக, படிப்பு என்றால் மனப்பாடம். தப்பாகச் சொன்னால் அடி. சின்னக் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு கல்வி முறை தேவை என்று யோசித்தவர்கள் மிகக் குறைவு.

அதை மாற்ற முயன்றவர்களில் முக்கியமானவர் ஜான் ஆமோஸ் கொமேனியஸ். 1592-ல் இன்றைய செக் குடியரசில் உள்ள மொராவியா பகுதியில் பிறந்தவர். மதப் போரால் சொந்த மண்ணைவிட்டு வெளியேறி, நாடு நாடாக அலைந்தவர். முதல் ஆறு ஆண்டுகளுக்கு அம்மாவின் மடிதான் பள்ளிக்கூடம் என்றார் அவர். 1658-ல் அவர் வெளியிட்ட 'ஆர்பிஸ் பிக்டஸ்', குழந்தைகளுக்காகப் படங்களுடன் வந்த முன்னோடிப் பாடப் புத்தகம். இன்று கடையில் வாங்கும் 'அ - அம்மா, ஆ - ஆடு' படப் புத்தகங்களுக்கு அது தூரத்து முப்பாட்டன்.

அடுத்து, பிரெஞ்சு மொழியில் எழுதிய ஜெனிவாக்காரர் ரூசோ. 1762-ல் வெளிவந்த 'எமிலி' என்ற நூலில், குழந்தை என்பது அளவில் சிறிய பெரியவர் அல்ல, குழந்தைப் பருவத்துக்கென்று தனி இயல்பு உண்டு என்று வாதிட்டார். பாரிஸிலும் ஜெனிவாவிலும் அந்த நூலை எரித்தார்கள். அதில் இருந்த மதக் கருத்துகள்தான் காரணம்.

ரூசோவின் இன்னொரு பக்கமும் உண்டு. தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அவர் ஆதரவற்றோர் இல்லத்தில் விட்டுவிட்டார். இதைத் தன் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். எமிலி என்ற கற்பனைச் சிறுவனுக்கு அவர் வகுத்த சுதந்திரக் கல்வியைப் பெண் குழந்தைகளுக்கு வகுக்கவும் இல்லை.

ரூசோ எழுதியதைச் செய்து பார்த்தவர் சுவிட்சர்லாந்தின் பெஸ்டலாஸி. 1798-ல் பிரெஞ்சுப் படைகள் தாக்கிய ஸ்டான்ஸ் என்ற ஊரில், பெற்றோரை இழந்த குழந்தைகளை ஒரே கூரையின் கீழ் வைத்துப் பராமரித்தார். அந்த இல்லம் சில மாதங்கள்தான் நீடித்தது. ஆனால் அவர் அங்கே உறுதி செய்துகொண்டது நிலைத்தது: முதலில் அன்பு, பிறகுதான் பாடம். மூளை மட்டுமல்ல, மனசும் கையும் சேர்ந்து வளர வேண்டும்.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் ஒரு மில் முதலாளியும் வேறு வழியில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் ராபர்ட் ஓவன். நியூ லனார்க் என்ற ஊரில் இருந்த தன் பருத்தி ஆலையில், 10 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வேலைக்கு எடுக்க மாட்டேன் என்றார். 1816-ல் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கும் அதில் இடம் இருந்தது. அடி கிடையாது, பாட்டு, நடனம், விளையாட்டு உண்டு.

அம்மாவை இழந்த சிறுவன் உருவாக்கிய தோட்டம்

பெஸ்டலாஸியின் பள்ளியில் 1808 முதல் 1810 வரை தங்கி, அங்கு நடப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். பெயர் ஃப்ரெடரிக் ஃப்ரோபெல். ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் 1782-ல் பிறந்தவர். ஒரு வயது நிறைவதற்குள் அம்மாவை இழந்தவர். தனிமையில், காட்டிலும் தோட்டத்திலும் சுற்றி வளர்ந்தவர்.

1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிறிய ஊரில் சின்னக் குழந்தைகளுக்கான நிலையத்தை அவர் தொடங்கினார். 1840-ல் அதற்கு 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தார். குழந்தை செடி, ஆசிரியர் தோட்டக்காரர். செடியைப் பிடித்து இழுத்து வளர்க்க முடியாது. தண்ணீர், வெயில், நல்ல மண் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

இது வெறும் உவமையாக நிற்கவில்லை. அங்கே குழந்தைகளுக்கு நிஜமாகவே பாத்தி பிரித்துக் கொடுத்துச் செடி வளர்க்க வைத்தார்கள்.

ஃப்ரோபெல் கொடுத்த இன்னொன்று விளையாட்டுப் பொருட்கள். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'பரிசுகள்'. கம்பளி நூலில் செய்த வண்ணப் பந்துகள் முதலில். பிறகு மர உருண்டை, உருளை, கன சதுரம். அதன் பின் எட்டு சின்னக் கட்டைகளாகப் பிரிக்கக்கூடிய ஒரு பெரிய கட்டை. பிரித்து அடுக்கும்போதே பாதி, கால், எட்டில் ஒன்று எல்லாம் குழந்தையின் கைக்குத் தெரிந்துவிடும். பின்ன எண்கள் பாடமாக வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னாடியே!

அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், சிறு வயதில் இந்தக் கட்டைகளுடன் விளையாடியவர். தன் கட்டடங்களுக்கு அவை தந்த பயிற்சியைப் பின்னாளில் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

விளையாட்டுப் பள்ளிக்கு ஏன் தடை?

1851 ஆகஸ்டில் பிரஷ்யா அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. 1848 புரட்சியைப் பார்த்துப் பயந்துபோயிருந்த அரசு அது. கடவுள் மறுப்பையும் சோஷலிசத்தையும் இந்தப் பள்ளிகள் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு.

இதில் ஆள் குழப்பமும் இருந்தது. ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல் எழுதிய கருத்துகளையும் சேர்த்து இவர் தலையில் கட்டிவிட்டார்கள். தான் வேறு, அவர் வேறு என்று ஃப்ரோபெல் முறையிட்டும் தடை விலகவில்லை. மறு ஆண்டே, 1852 ஜூனில், அவர் இறந்துபோனார்.

தடை விலகியது 1860-ல். அதற்குள் இந்த யோசனை எல்லை தாண்டிவிட்டது. ஃப்ரோபெலிடம் பயிற்சி பெற்ற பெண்களும் அவருடைய ஆதரவாளர்களும் இங்கிலாந்து, அமெரிக்கா என்று பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1856-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மார்கரேதா ஷுர்ஸ் என்ற ஜெர்மன் பெண் தன் வீட்டிலேயே ஒரு கிண்டர்கார்டனைத் தொடங்கினார். பெண்கள் பயிற்சி பெற்று, சம்பளம் வாங்கிச் செய்யும் தொழிலாக மழலையர் கல்வி மாறியதற்கு ஃப்ரோபெல் ஒரு முக்கியக் காரணம்.

சுவரில் கிறுக்கிய குழந்தைகளும் ஒரு டாக்டரும்

அடுத்த பெரிய மாற்றம் இத்தாலியில் நடந்தது. மரியா மாண்டிசோரி, 1870-ல் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில், 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுடன் பணியாற்றியபோது அவருக்கு ஒன்று புரிந்தது: இவர்களுக்கு மருந்தைவிட அதிகமாகத் தேவைப்படுவது கல்வி.

ரோம் நகரின் சான் லொரென்சோ, ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. அங்கே புதிதாகச் சீரமைத்த குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போனதும் குழந்தைகள் சுவரில் கிறுக்குவதும் மாடிப்படிகளை நாசம் பண்ணுவதுமாக இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும் என்று கட்டட நிர்வாகம் தேடியது. மாண்டிசோரி ஒப்புக்கொண்டார். 1907 ஜனவரி 6-ம் தேதி 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது.

இன்று வசதியான பள்ளிகளின் அடையாளமாகிப் போன மாண்டிசோரி முறை, சுவர் பாழாகாமல் இருக்க ஏழைக் குழந்தைகளை உட்காரவைத்த ஓர் அறையில்தான் பிறந்தது.

குழந்தையின் உயரத்துக்கு மேஜை, நாற்காலி. கை எட்டும் அலமாரி. எந்தப் பொருளை எடுப்பது என்பது குழந்தையின் முடிவு. முடித்ததும் இருந்த இடத்தில் வைப்பது குழந்தையின் பொறுப்பு. பட்டன் போடுவது, தண்ணீர் ஊற்றுவது, தரையைத் துடைப்பது எல்லாமே பாடம். ஆசிரியரின் முக்கிய வேலை கவனிப்பது.

எழுத்து? அங்கேயும் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் எழுதினார்கள். ஆனால் யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்கள். பிடி வைத்த வடிவங்களைத் தூக்கி வைத்து விரல்கள் பழகின. கை தயாரானதும் எழுத்து தானாக வந்தது. "இன்னைக்கே எழுதணும்" என்ற அவசரத்துக்கு அங்கே இடமில்லை.

சென்னைக்கு வந்த மாண்டிசோரி

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி முதலில் மாண்டிசோரி பள்ளிகளை ஆதரித்தார். குழந்தைகளைத் தன் கட்சிக்குத் தக்கபடி வளர்க்க அவர் நினைத்தபோது உறவு முறிந்தது. 1930-களில் அங்கே மாண்டிசோரி பள்ளிகள் மூடப்பட்டன. மாண்டிசோரி நாட்டைவிட்டு வெளியேறினார்.

1939-ல், 69 வயதில், சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் தன் மகன் மரியோவுடன் இந்தியா வந்தார். ஆசிரியர்களுக்குச் சில மாதங்கள் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். ஆனால் 1940 ஜூனில் பிரிட்டனுக்கு எதிராக இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் ஒரே நாளில் 'எதிரி நாட்டவர்' ஆனார்கள். மரியோவைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மாண்டிசோரி அடையாறு வளாகத்தைவிட்டு வெளியே போக முடியாத நிலை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 31, அவருக்கு 70-வது பிறந்தநாள். அந்தச் சமயத்தில் மரியோவை அரசு விடுவித்தது. பிறகு கொடைக்கானலில் சில ஆண்டுகள். பல வயதுக் குழந்தைகள் சேர்ந்து படிப்பதையும், செடி, பூச்சி, மலை என்று இயற்கையைக் கற்பிப்பதையும் தாயும் மகனும் அங்கேதான் விரிவாக வளர்த்தெடுத்தார்கள். போர் முடிந்து 1946-ல்தான் ஐரோப்பா திரும்ப முடிந்தது. மீண்டும் இந்தியா வந்தும் வகுப்பு எடுத்தார். 1952-ல் நெதர்லாந்தில் காலமானார்.

தோட்டம் முற்றத்துக்கு வந்த கதை

மாண்டிசோரி நேரில் வருவதற்கு முன்பே அவரது கருத்துகள் குஜராத்துக்கு வந்துவிட்டன. கொண்டுவந்தவர் ஒரு வக்கீல்: கிஜுபாய் பதேகா. தன் மகன் எப்படிப் படிக்கப் போகிறான் என்ற கவலையில் மாண்டிசோரியைப் படித்தவர், வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார். 1920-ல் பாவ்நகரில் 'பால மந்திர்' தொடங்கினார். வெளிநாட்டு முறையை அப்படியே எடுக்காமல், நாட்டுப்புறக் கதை, பாட்டு, நாடகம் எல்லாவற்றையும் சேர்த்தார். பெரிய மீசையும் குழந்தைகள் மீது பாசமுமாக இருந்த அவரை 'மீசை வச்ச அம்மா' என்று குஜராத்தியில் அழைத்தார்கள். அவரது 'திவாஸ்வப்னா' நூல், 'பகல் கனவு' என்று தமிழிலும் வந்திருக்கிறது.

அவருடன் வேலை செய்தவர் தாராபாய் மோடக். 1945-ல் இன்றைய மகாராஷ்டிராவின் கடலோர ஊரான போர்டியில் குழந்தைகள் மையம் தொடங்கினார். அனுதாய் வாக் அவருடன் சேர்ந்தார். ஆனால் ஒரு சிக்கல். ஏழை வீட்டுக் குழந்தைகளும் ஆதிவாசிக் குழந்தைகளும் மையத்துக்கு வரவில்லை. தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்ளணும், மாடு மேய்க்கணும். எப்படி வருவார்கள்?

குழந்தை பள்ளிக்கு வரவில்லையா, பள்ளி குழந்தையிடம் போகட்டும். இதுதான் தாராபாயின் பதில். குடியிருப்பின் நடுவில் இருக்கும் முற்றத்திலேயே வகுப்பு. முற்றத்துக்கு அங்கே 'ஆங்கன்' என்று பெயர். அப்படி வந்ததுதான் 'அங்கன்வாடி' - முற்றத்துத் தோட்டம்.

விலை உயர்ந்த மாண்டிசோரி பொருட்களுக்குப் பதிலாக விதை, கிளிஞ்சல், கூழாங்கல், குச்சி, இலை. எண்ணுவதற்கும் பிரிப்பதற்கும் அவையே போதும். 1957-ல் இந்தப் பணி அருகில் உள்ள கோஸ்பாட் மலைப்பகுதிக்கு மாறியது. மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு நடந்தது. 1962-ல் தாராபாய்க்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

1975 அக்டோபர் 2-ம் தேதி மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு இந்தப் பெயரே நிலைத்தது. இன்று நாடு முழுக்க சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன.

விளையாட்டு நேரத்தை வீணாக்குவது இல்லையா?

ஃப்ரோபெலும் மற்றவர்களும் அனுபவத்தில் கண்டதை, 20-ம் நூற்றாண்டு உளவியல் ஆராய்ந்து பார்த்தது. இதில் முக்கியமான இருவர், ஒரே ஆண்டில் (1896) பிறந்தவர்கள்.

சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே நடத்திய ஒரு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சம அளவு தண்ணீர். ஒன்றில் உள்ளதை, குழந்தை பார்க்கும்போதே உயரமான ஒல்லி டம்ளருக்கு மாற்றுங்கள். "எதுல அதிகம்?" என்று கேட்டால், நான்கு வயதுக் குழந்தை பெரும்பாலும் உயரமான டம்ளரைத்தான் காட்டும். இது முட்டாள்தனம் இல்லை. அந்த வயதின் யோசனை அப்படி. தானே ஊற்றி, கொட்டி, அளந்து பழகித்தான் அடுத்த படிக்குப் போகும்.

ரஷ்யாவின் லெவ் வைகாட்ஸ்கி, மற்றவர்களின் துணையை முக்கியமாகப் பார்த்தார். இன்று ஒருவர் உதவியோடு செய்வதை நாளை குழந்தை தனியாகச் செய்யும். அந்த இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றார். குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தை, ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கும் என்பதைப் பழகுகிறது. எழுத்து என்பதும் அதுதானே? காசநோயால் 37 வயதில் இறந்துபோனார் வைகாட்ஸ்கி.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் பெர்ரி ஆய்வு ஒரு பதில். 1960-களில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டியில், ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் 3, 4 வயதில் தரமான முன்பருவக் கல்வி. ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கும் வருவார். 40 வயதில் பார்த்தபோது, அந்தக் குழுவினர் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், கைதானவர்கள் குறைவு. ஆய்வு சின்னதுதான். ஆனாலும் இந்த வயதில் செய்யும் செலவு வீணாகாது என்பதற்கு இன்றும் அதைக் காட்டுகிறார்கள்.

இவர்கள் சொன்னதெல்லாம் சரியா?

இல்லை. ஃப்ரோபெலின் பரிசுகளை அவரது சீடர்கள் சிலர் சடங்காகவே மாற்றினார்கள். கட்டையை இப்படித்தான் அடுக்கணும் என்று கட்டளை வந்தது. கற்பனைக் கதைகளுக்கும் பாவனை விளையாட்டுக்கும் போதிய இடம் தரவில்லை என்ற விமர்சனம் மாண்டிசோரி மீது உண்டு. குழந்தை பியாஜே நினைத்ததைவிடச் சீக்கிரமே பல விஷயங்களைப் புரிந்துகொள்கிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின.

பெயரிலும் ஒரு சிக்கல். 'மாண்டிசோரி' என்ற பெயருக்கு யாரும் தனியுரிமை கோர முடியாது என்று 1967-லேயே அமெரிக்காவில் தீர்ப்பானது. போர்டில் பெயர் இருப்பதால் மட்டும் உள்ளே அந்த முறை இருக்கிறது என்று அர்த்தமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இலவச, கட்டாயக் கல்வி உரிமை 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கல்வியும் பராமரிப்பும் தர அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 45-வது பிரிவு சொல்கிறது. அது வழிகாட்டும் கொள்கை. நீதிமன்றத்தில் கேட்டு வாங்கும் உரிமை இல்லை. மூளை வேகமாக வளரும் ஆண்டுகளில் குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் குடும்பத்தின் வருமானமே முடிவு செய்ய இதுவும் ஒரு காரணம்.

சேர்க்கும் முன் என்ன பார்க்கலாம்?

இவர்கள் விட்டுச்சென்றதைச் சுருக்கினால், பெற்றோர் கையில் ஐந்து கேள்விகள் மிஞ்சும். எல்.கே.ஜி-யோ அங்கன்வாடியோ, எங்கும் கேட்கலாம்.

- விளையாட்டுப் பொருட்கள் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, ஷோகேஸில் பூட்டி இருக்கிறதா?
- வெளியே ஓட, மண்ணில் விளையாட தினமும் நேரம் உண்டா?
- எழுத வைப்பதற்கு முன்னால் கைக்குப் பயிற்சி தருகிறார்களா?
- கதையும் பாட்டும் வீட்டில் பேசும் மொழியில் நடக்கிறதா?
- தப்பு செய்தால் என்ன செய்வார்கள்?

மாலையில் வீட்டுக்கு வரும் குழந்தையிடமும் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். "இன்னைக்கு என்ன எழுதின?" என்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு என்ன விளையாடின?"